திரையில் விளம்பரம், காதில் பீப்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் மைலேஜ், பிக்-அப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. காருக்குள் ஓயாமல் கேட்கும் சத்தம், திரையில் வந்து நிற்கும் விளம்பரம், ஷோரூமில் இருந்து விடாமல் வரும் போன், இவைதான் பெரும்பாலான கடிதங்களில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உயிர் காக்கும் எச்சரிக்கையை ஒழித்துக்கட்டும் வழியை இங்கே தேடாதீர்கள். அதை நம்மூர் ரோட்டுக்கு ஏற்றபடி அமைக்கும் வழியைச் சொல்கிறோம். விற்பதற்காக வரும் சத்தத்துக்கு மட்டும் எந்தத் தயவும் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: புதுக் கார் எடுத்ததில் இருந்து இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி, டீடெய்லிங் என்று தினமும் போன் வருதுங்க. கார் திரையிலேயே ‘சந்தாவைப் புதுப்பியுங்கள்’ என்று பலகை வந்து நிற்குது. வண்டிக்கு முழுக் காசும் கொடுத்துத்தானே வாங்கினோம்? இதை நிறுத்த வழி இருக்குதுங்களா? (வாசகர், திருப்பூர்)

இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் சொல்லி நிறுத்த முடியாது. உங்கள் நம்பர் ஷோரூமின் பட்டியலில் ஒருமுறை, கார் கம்பெனியின் ஆப்பில் ஒருமுறை, காரின் திரைக்குப் பின்னால் உள்ள கணக்கில் ஒருமுறை என்று தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. மூன்றையும் அடைக்க வேண்டும்.

முதலில் போன். 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் சேர்த்து எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரத்துக்கும் தடை பதிவாகும். எஸ்.எம்.எஸ். அனுப்பியவரின் பெயருக்குப் பின்னால் இப்போது ஓர் ஆங்கில எழுத்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். 2025 மே மாதத்தில் வந்த முறை அது. ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பணப் பரிவர்த்தனை, ‘ஜி’ என்றால் அரசு. தடை பதிவான பிறகும் ‘பி’ போட்ட செய்தி வந்தால் 7 நாளுக்குள் 1909-ல் புகார் செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. ஆப்பிலும் செய்யலாம். விற்பனை ஆட்கள் சொந்த 10 இலக்க எண்ணில் இருந்து அழைத்தாலும் புகார் செல்லும். அழைத்த எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்புக்கு இந்தத் தடை பொருந்தாது. அங்கே ‘பிளாக்’ ஒன்றுதான் வழி.

இவ்வளவு செய்தும் அழைப்பு நிற்காததற்குக் காரணம், டெலிவரி நாளில் நீங்கள் போட்ட கையெழுத்து. சம்மதம் கொடுத்த கம்பெனிக்கு 1909 தடை குறுக்கே நிற்காது. அந்தச் சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். ஷோரூமுக்கும், கார் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் கம்பெனி இணையதளத்தில் இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. பதிவெண், சேஸிஸ் நம்பர், போன் நம்பர் மூன்றையும் போட்டு இப்படி எழுதுங்கள்: ‘விற்பனை, இன்சூரன்ஸ், வாரன்டி தொடர்பான அழைப்புகளுக்கு நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சர்வீஸ் நினைவூட்டலும் ரீகால் அறிவிப்பும் மட்டும் அனுப்பவும்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஏர்பேக்கிலோ பிரேக்கிலோ குறை கண்டு கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும்போது அந்தச் செய்தி உங்களுக்கு வந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆப். அதன் அமைப்புகளில் ‘அறிவிப்புகள்’ பகுதிக்குள் போனால் வண்டி எச்சரிக்கை, சர்வீஸ், சலுகை என்று தனித்தனிச் சாவிகள் (சுவிட்சுகள்) இருக்கும். சலுகையை மட்டும் அணையுங்கள். போனின் இருப்பிட அனுமதியை ‘ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள்.

கடைசியாகத் திரை. ‘கனெக்டட் சர்வீஸ்’ பக்கத்தில் அறிவிப்பை அணைக்கும் சாவி சில வண்டிகளில் உண்டு. இல்லாத வண்டிகளில் ‘பிரைவசி மோடு’ அல்லது தகவல் பகிர்வை நிறுத்தும் சாவி இருக்கும். அதைப் போட்டால் சந்தாப் பலகையோடு சேர்ந்து தூரத்தில் இருந்து ஏ.சி. போடுவது, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, திரையின் நேரடிப் போக்குவரத்து நிலவரம் எல்லாம் போகும். அவசர உதவி பட்டன் வேலை செய்யுமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு அணையுங்கள்.

இனிமேல் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு: டெலிவரியின்போது விற்பனையாளரே உங்கள் போனை வாங்கி, ‘சம்மதம்’ என்று வருகிற கட்டத்தையெல்லாம் மடமடவென்று தட்டிவிடுவார். போனைக் கொடுக்காதீர்கள். ஆப்பை நீங்களே நிறுவுங்கள். சேவை விதிமுறைக்கான சம்மதம் ஒரு கட்டம். விளம்பரத்துக்கும், தகவலை மற்றவரோடு பகிர்வதற்கும் வேறு கட்டங்கள். முதலாவதை மட்டும் தட்டினாலும் பெரும்பாலும் ஆப் வேலை செய்யும்.

கேள்வி: வெளிநாட்டில் சிக்னலில் நின்றால் காரின் திரையில் விளம்பரம் வருகிறது என்று செய்தியில் படித்தேன். நிஜமா? இங்கேயும் வருமா? (வாசகி, சாய்பாபா காலனி, கோவை)

நிஜம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் சில ஜீப் வண்டிகளில், வண்டி நின்ற போதெல்லாம் நீட்டித்த வாரன்டிக்கான விளம்பரம் திரையை மறைத்தது. அதை உடனே விலக்கிக்கொள்ளும் வசதி மென்பொருள் கோளாறால் வேலை செய்யவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. விளம்பரம் போட்டதே கோளாறு என்று சொல்லவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். போர்டு கம்பெனி காருக்குள் நடக்கும் பேச்சையும் போகும் இடத்தையும் வைத்து விளம்பரம் தேர்ந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பம் 2024-ல் வெளியானது. காப்புரிமை கேட்பதால் அது நாளையே வண்டியில் வந்துவிடாது. ஆனால் யோசனை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது.

விளம்பரத்தை விடப் பெரிய விஷயம் தகவல். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் ஓட்டுநர் எப்போது சடன் பிரேக் போட்டார், எவ்வளவு வேகம் போனார் என்பதைச் சேகரிக்க, அது இடைத்தரகுக் கம்பெனிகள் வழியாக இன்சூரன்ஸ்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், அத்தகைய தகவலை நுகர்வோர் விவரம் திரட்டும் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகள் கொடுக்கக் கூடாது என்ற நடவடிக்கையை எடுத்தது. 2023-ல் பயர்பாக்ஸ் பிரவுசரின் பின்னால் உள்ள மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பார்த்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது.

இங்கே விற்கும் கனெக்டட் (இன்டர்நெட்டோடு இணைந்த) கார்களிலும் சிம் உண்டு, திரை உண்டு, இன்டர்நெட் வழியாகவே மென்பொருள் மாறும் ஓ.டி.ஏ. அப்டேட் உண்டு. இன்று இல்லாத விளம்பரத்தை நாளை ஓர் அப்டேட்டில் சேர்க்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தடையாக இருக்க வேண்டியது சட்டம். டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அப்டேட் வரும்போது ‘புதிய விதிமுறை’ என்ற பக்கம் வந்தால், படிக்காமல் தட்டாதீர்கள்.

வாடிக்கையாளர் முரண்டு பிடித்தால் கம்பெனி இறங்கி வரும் என்பதற்கும் சான்று உண்டு. வண்டியில் ஏற்கெனவே பொருத்தியிருந்த சீட் ஹீட்டரை மாதச் சந்தா கட்டினால்தான் திறப்போம் என்று 2022-ல் சில நாடுகளில் ஆரம்பித்த பி.எம்.டபிள்யூ., எதிர்ப்பு வலுத்ததும் 2023-ல் அதைக் கைவிட்டது.

கேள்வி: பெருந்துறையில் இருந்து கோவைக்குத் தினமும் போய் வருகிறேன். குழியைத் தவிர்க்கத் திருப்பினால் ஸ்டீயரிங் எதிர்த்து இழுக்குது. பைக் குறுக்கே வந்தால் திடீரென்று பிரேக் பிடிக்குது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிச்சுத் திட்டறான். அடாஸ் மொத்தத்தையும் அணைத்துவிடலாமா? (வாசகர், பெருந்துறை)

மொத்தமாக வேண்டாம். அடாஸ் என்ற ஓட்டுநர் உதவி அமைப்பு ஒரே சாவி அல்ல. அதில் நாலைந்து வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீயரிங் இழுப்பது ‘லேன் கீப் அசிஸ்ட்’. பெரும்பாலான கார்களில் சுமார் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் விழிக்கும். முன் கண்ணாடியின் மேலே உள்ள கேமரா ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தொட்டால், தூங்கிவிட்டீர்கள் என்று எண்ணி உள்ளே இழுக்கிறது. குழியைத் தவிர்க்க நீங்கள் திருப்புவதும் அதற்குத் தூக்கமாகத்தான் தெரியும். நான்குவழிச் சாலையில் கோடு தெளிவாக இருக்கும் இடத்தில், அதுவும் ராத்திரியில், இது உண்மையிலேயே பயன்படும். நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் போன்ற இருவழிச் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். பழைய கோட்டை அழிக்காமல் புதுக் கோடு போட்ட இடங்களிலும், புளியமர நிழலும் வெயிலும் மாறிமாறி விழும் இடங்களிலும் கேமரா தடுமாறும். அங்கெல்லாம் ‘லேன் கீப்’ சாவியை ‘எச்சரிக்கை மட்டும்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். ஸ்டீயரிங் இழுக்காது, அதிரும் அல்லது பீப் அடிக்கும். இந்த நிலை பல கார்களில் இருந்தும் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

தானாகப் பிரேக் பிடிப்பது இரண்டு காரணத்தால் நடக்கும், அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தையும் முன்வண்டியோடு இடைவெளியையும் தானாகக் காக்கும் வசதி) போட்டிருக்கும்போது முன்னால் விட்ட இடைவெளிக்குள் பைக் நுழைந்தால் வண்டி வேகம் குறைக்கும். இது அவசரப் பிரேக் அல்ல. இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்தால் நம்மூரில் அதற்குள் இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் வந்துவிடும். குறைந்தபட்சத்தில் வைத்தால் மோதும் அபாயம். நாலு கட்டம் இருந்தால் இரண்டாவது அல்லது மூன்றாவதில் வையுங்கள். விஜயமங்கலம் டோலுக்கும் அவிநாசிக்கும் நடுவே க்ரூஸ் போடலாம். கருமத்தம்பட்டி தாண்டி நெரிசல் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஊருக்குள் அதற்கு வேலையே இல்லை.

இன்னொன்று ‘தானியங்கி அவசரப் பிரேக்’. இதைத் தயவுசெய்து அணைக்காதீர்கள். பல கார்களில் உணர்திறனை ‘முன்கூட்டி, இயல்பு, தாமதம்’ என்று மூன்று நிலையில் மாற்ற முடியும். ‘தாமதம்’ என்று வைத்தால் தேவையில்லாத எச்சரிக்கைகள் பெருமளவு குறையும். நிஜ ஆபத்தில் பிரேக் விழும். பின்னால் வருகிறவர் ஒட்டிக்கொண்டு வந்தால் வழிவிட்டு அனுப்பிவிடுங்கள்.

இது நம் பகுதிக்கு மிக முக்கியம்: க்ரூஸ் போட்டுக்கொண்டு வேகமாகப் போகும்போது, ரோட்டோரம் அசையாமல் நிற்கும் வண்டியை, முன்னால் உள்ள தூரத்தை அளக்கும் ரேடார் பொருட்படுத்தாமல் விடக்கூடும். பாலத்தையும் பெயர்ப்பலகையையும் பார்த்து வீணாகப் பிரேக் போடாமல் இருக்க, நிற்கும் பொருளை வடிகட்டித் தள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். கேமரா சேர்ந்த புதிய வண்டிகள் தேவலை. ஆனாலும் கையேட்டில் எச்சரிக்கை இருக்கும். ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் நாமக்கல் லாரியையோ, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியையோ நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதேபோல், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர், கம்பி ஏற்றிய லாரி போகும்போது, ரேடார் தூரத்தைச் சுமையின் நுனியில் இருந்து அளக்காமல் லாரியின் உடலில் இருந்து அளக்கலாம். அவற்றின் பின்னால் க்ரூஸ் போடவே கூடாது.

கேள்வி: ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும்போது அடாஸை எப்படி வைப்பது? (வாசகர், பொள்ளாச்சி)

40 கொண்டை ஊசி வளைவிலும் க்ரூஸ் வேண்டாம், லேன் கீப் வேண்டாம். வளைவில் முன்வண்டி ரேடாரின் பார்வையில் இருந்து விலகியதும், ரோடு காலி என்று நினைத்துக் கார் வேகமெடுக்கும். இறங்கும்போது இரண்டாம் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் நிலைக்கு மாற்றி இன்ஜின் பிரேக்கில் இறங்குங்கள். திம்பம் 27 வளைவுக்கும் இதேதான்.

கேள்வி: ஆயுத பூஜை முடிந்து வண்டியை எடுத்ததும் ‘முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது’ என்று செய்தி. சர்வீஸ் சென்டரில் பெரிய தொகை சொல்கிறார்கள். (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

காசு கொடுப்பதற்கு முன் துடைத்துப் பாருங்கள். ரேடார் முன் கிரில்லில் லோகோவுக்குப் பின்னால் அல்லது பம்பரின் கீழ்ப் பகுதியில் இருக்கும். அங்கே அப்பிய சந்தனமும் காய்ந்த குங்குமமும் மாலையின் நாரும் போதும், இந்தச் செய்தி வந்துவிடும். ஈரத்துணியால் துடையுங்கள், சுரண்டக் கூடாது. உள்பக்கம் ரியர்வியூ மிரருக்கு முன்னால் உள்ள கேமராவுக்கு நேரே கண்ணாடியின் வெளிப்புறத்தையும் துடையுங்கள். வண்டியை அணைத்து, மீண்டும் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் செய்தி மறையும். அடுத்த பூஜைக்குப் பொட்டை போனட்டில் வையுங்கள், மாலையை ரேடாருக்கு மேலே தொங்கவிடாதீர்கள்.

துடைத்தும் போகாவிட்டால், சமீபத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று யோசியுங்கள். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவின் பார்வை அளவைக் கட்டாயம் சரிசெய்ய (காலிபரேட் செய்ய) வேண்டும். வண்டிக்கு முன்னால் அளந்த தூரத்தில் குறிப் பலகை வைத்துச் செய்வது ஒரு முறை, ஸ்கேனரை மாட்டி ஓட்டிச் செய்வது இன்னொரு முறை. எது என்பது மாடலைப் பொறுத்தது. இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்றுகிறவர்கள் எஸ்டிமேட்டிலேயே காலிபரேஷனையும் சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். பம்பரைக் கழற்றி மாட்டியிருந்தாலும், சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தாலும் அளவு தவறும். முன் பம்பருக்கு மேல் இரும்புத் தடுப்பு (புல் கார்டு) பொருத்தியிருந்தால் அதைக் கழற்றுங்கள். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொன்ன பொருள் அது, ரேடாரையும் மறைக்கிறது.

கேள்வி: பக்கத்து சீட்டில் தீவன மூட்டை வைத்தால் பெல்ட் பீப் அடிச்சுட்டே இருக்குதுங்க. ஆன்லைனில் ஒரு கிளிப் விற்குதாமே, அதைச் செருகலாமா? (வாசகர், காங்கேயம்)

செருகாதீர்கள். அந்தக் கிளிப்புகள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவில் அபராதம் 1,000 ரூபாய், அது சின்ன விஷயம். பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர், பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் எந்த அடியில் பையை வெடிக்க வைப்பது என்று தீர்மானிக்கிறது. கிளிப் பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் தப்பாகத்தான் முடிவெடுக்கும்.

மூட்டையைக் காலடியிலோ டிக்கியிலோ வையுங்கள். சீட்டில்தான் வைக்க வேண்டுமென்றால் பெல்ட்டை மூட்டையைச் சுற்றி மாட்டிவிடுங்கள். பீப் நிற்கும், பிரேக் போட்டால் மூட்டையும் முன்னால் பாயாது. வேக எச்சரிக்கை பீப் வேறு: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் விட்டுவிட்டு அடிப்பதும், 120-க்கு மேல் தொடர்ந்து அடிப்பதும் 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது.

கேள்வி: பழைய காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டேன். மேப் பார்க்கும்போது நடுவில் விளம்பரம் வருது. மூணு நாள் வண்டியை நிறுத்தினால் பேட்டரியும் இறங்கிடுது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா? (வாசகர், ராசிபுரம்)

காரணங்கள் வேறு வேறு, பெட்டி ஒன்றுதான்.

மலிவான பெட்டிகளில் விளம்பர ஆப்புகளை முன்பே ஏற்றி அனுப்புகிறார்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் அவை விழித்துக்கொள்ளும். அமைப்புகளில் ஆப்களின் பட்டியலைத் திறந்து, ‘மற்ற ஆப்புகளின் மேல் காட்டும் அனுமதி’ என்ற பக்கத்துக்குப் போங்கள். மேப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதை அணையுங்கள். நடுவில் குதிக்கும் பலகை இந்த அனுமதியால்தான் வருகிறது. பெயர் தெரியாத ஆப்புகளை ‘டிசேபிள்’ செய்யுங்கள். பிரவுசரின் அறிவிப்பையும் அணையுங்கள். இதைவிட நல்ல வழி, பெட்டிக்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே வழியாகப் போனை இணைத்து ஓட்டுவது. மேப்பும் பாட்டும் போனில் இருந்து வரும், பெட்டி வெறும் திரையாக இருக்கும். பெட்டியில் உங்கள் முக்கியமான கூகுள் கணக்கால் உள்நுழையாதீர்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘அப்டேட்’ பைலையும் ஏற்றாதீர்கள்.

பேட்டரிக்கு வருவோம். பெட்டியின் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கும் பேட்டரி லைன், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் லைன், கறுப்பு எர்த். அவசரத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தரக் கரண்டில் கொடுத்துவிட்டால் பெட்டி தூங்கவே தூங்காது. சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் டி.சி.-யில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். கதவுகளை மூடிப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குள் சாவியைப் போடக் கூடாது, ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போகிறது என்று அர்த்தம். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலி. ஸ்டீரியோவின் பியூஸைப் பிடுங்கினதும் அளவு விழுந்தால் குற்றவாளி அதுதான். ஒயரை வெட்டி டேப் சுற்றாமல், உங்கள் மாடலுக்கான கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சாக்கெட்) வாங்கிச் சிவப்பைச் சாவி லைனில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிக்னலில் இன்ஜின் தானா நின்று தானா ஸ்டார்ட் ஆவது எரிச்சலாக இருக்கிறது. (வாசகி, சேலம்)

கியர் அருகிலோ டேஷ்போர்டிலோ, ‘ஏ’ எழுத்தைச் சுற்றி அம்பு வரைந்த பட்டன் இருக்கும், அழுத்துங்கள். பல வண்டிகளில் ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் மீண்டும் அழுத்த வேண்டும். அணைத்தே வைத்திருந்தாலும் பேட்டரி மாற்றும்போது அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் அதே இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையையே போடுங்கள், சாதா பேட்டரி சீக்கிரம் போகும்.

கேள்வி: பெட்ரோல் பங்க் தேடினால் மேப்பில் விளம்பரம் போட்ட கடைதான் முன்னால் வருகிறது. அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் போனால், கீழே இருப்பதாக நினைத்துத் திரும்பச் சொல்லுது. (வாசகர், பீளமேடு)

காசு கொடுத்தவர்களின் கடையில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறி இருக்கும், கீழே தள்ளிப் பாருங்கள். கூகுள் கணக்கின் விளம்பர மையத்தில் ‘தனிப்பயன் விளம்பரம்’ என்பதை அணைத்தால், உங்கள் நடமாட்டத்தைப் பார்த்து வருவது நிற்கும். விளம்பரமே வராமல் இருக்காது. வழக்கமான பங்க்குகளைப் பட்டியலில் சேமித்து வைத்தால் தேட வேண்டியதே இல்லை.

கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரையான 10.1 கி.மீ. மேம்பாலம் கீழ்ரோட்டுக்கு நேர்மேலே போகிறது. ஜி.பி.எஸ். இடத்தைச் சரியாகச் சொல்லும், உயரத்தைச் சரியாகச் சொல்லாது. அதனால் மேலேயா கீழேயா என்று ஆப்புக்குப் பிடிபடுவதில்லை. ஏறுவதற்கு முன்பே எந்த இறங்குதளத்தில் இறங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் போனைத் தொட வேண்டாம்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட் கனெக்டட் கார் வாங்கினேன். பழைய ஓனர் போனில் என் வண்டி எங்கே நிற்குதுன்னு தெரியும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகர், கரூர்)

தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஆர்.சி. பெயர் மாறினாலும் ஆப்பின் கணக்கு தானாக மாறாது. சில வண்டிகளில் கதவைத் திறக்கவும் முடியும். பழைய ஓனரின் ஆப்பில் இருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே செய்யட்டும். மறுத்தால் புது ஆர்.சி.-யையும் ஆதாரையும் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, கனெக்டட் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு திரையில் ‘பேக்டரி ரீசெட்’ கொடுங்கள். அவருடைய தொடர்புப் பட்டியல், வீட்டு முகவரி, இணைந்த போன்கள் எல்லாம் அழியும். ரீசெட் மட்டும் செய்தால் போதாது. ஆப்பின் தொடர்பு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. இரண்டு சாவியும் கைக்கு வந்ததா என்றும் பாருங்கள். விற்கிறவர்களும் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

வாடகை வண்டி வாங்கியிருந்தால் ஒரு வேறுபாடு. மஞ்சள் போர்டு வண்டியில் இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் ஏ.ஐ.எஸ். 140 விதிப்படி கட்டாயம். அதைக் கழற்றக் கூடாது.

கேள்வி: ஏ.சி.யைக் குறைக்கக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது. அடுத்த கார் எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, உடுமலைப்பேட்டை)

2022-ல் ஸ்வீடனின் ஒரு கார் பத்திரிகை 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே நாலு சின்ன வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தது. பட்டன்கள் உள்ள 2005 வால்வோவில் 10 நொடி ஆனது, வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த தொடுதிரைக் காரில் 44.6 நொடி, 1,372 மீட்டர். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், முழு நட்சத்திரம் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஐந்துக்கும் தனிப் பட்டனோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்கிறது. ஏ.சி. அந்தப் பட்டியலில் இல்லை. நம் வெயிலுக்கு ஏ.சி.தான் அதிகம் தொடும் சாமான், ஆகவே அதை நீங்களே சோதிக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு மத்தியான வெயிலில் போங்கள். திரை வெளிச்சத்தில் தெரிகிறதா என்று அப்போதுதான் புரியும். வண்டி நிற்கும்போதே ஃபேன் வேகம், குளிர் அளவு, கண்ணாடி மூட்டம் நீக்குவது, உள்காற்றுச் சுழற்சி, பாட்டுச் சத்தம் இந்த ஐந்தையும் ரோட்டில் இருந்து கண் எடுக்காமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். மழையில் காந்திபுரம் சிக்னலில் கண்ணாடி மூடிக்கொள்ளும்போது மூட்டம் நீக்கும் பட்டன் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறியிட்ட பட்டன் இருந்தால் அதில் உங்களுக்குப் பிடித்த வேலையை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். லேன் கீப்பை அணைக்க எத்தனை தொடுதல், சாவி போட்டதும் அந்த அமைப்பு நினைவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சந்தா முடிந்த பின் எந்தெந்த வசதி நிற்கும், புதுப்பிக்க ஆண்டுக்கு எவ்வளவு என்பதை விலைப்பட்டியலோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். அதே காரின் நடு வேரியண்ட்டில் சின்னத் திரையும் ஏ.சி.க்குத் திருகும் இருக்கக்கூடும்; உயர் வேரியண்ட்டின் பெரிய திரைக்குக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.